ஒரு மடிப்பு இல்லாத போட்டோ

ஜூன் 12, வியாழன்

இன்னிக்கு ஆஸ்டின் டவுன்ல வக்கீல் மேடம் ஆபீசுக்குப் போனேன். ரெண்டு பேரும் சம்மதிச்சுக் கேக்கிற டைவர்ஸ், அதனால அவனும் வந்திருந்தான். கே.ஜி.எஃப்ல கோயில்ல நடந்த கல்யாணம், ரிஜிஸ்டர் பண்ணவே இல்லை. கல்யாணம் நடந்ததுக்கு அத்தாட்சி காட்டினாத்தான் கோர்ட்டுல அதை முடிச்சு வைப்பாங்களாம். ஜோடியா இருக்கிற போட்டோ கொண்டு வரச் சொல்லியிருந்தாங்க.

என்கிட்ட இருந்ததை எடுத்து வெச்சேன். அவனை விட்டுட்டு மர்பி டவுன்ல அம்மா வீட்டுக்கு வந்த அன்னிக்கே, கத்திரிக்கோலால எல்லா போட்டோவுலயும் அவனை வெட்டிட்டேன். மேடம் ஒவ்வொண்ணா பார்த்துட்டு, "ஏம்மா, மாப்பிள்ளை எங்கே? ஜட்ஜ்கிட்ட இதையா காட்டுறது?"ன்னாங்க.

அவன் பையிலிருந்து ஆல்பத்தை எடுத்து நீட்டினான். பிளாஸ்டிக் கவர் போட்டு, ஒரு மடிப்பு இல்லாம இருந்துச்சு.

"பாரும்மா, அவர் எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கார்."

அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான், ரொம்ப நல்லவன் மாதிரி. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

மனுவுல 'கருத்து வேறுபாடு'ன்னு டைப் பண்ணியிருக்கு. அவன் என்னை அடிச்சதையும் எழுதுங்கன்னேன். இந்த மாதிரி மனுவுல ஒருத்தர் மேல ஒருத்தர் குத்தம் சொல்லக் கூடாது, சொன்னா கேஸ் வருஷக்கணக்கா இழுக்கும்னுட்டாங்க. கையெழுத்துப் போட்டேன்.

அவன் ஆல்பத்துலேருந்து ஒரு போட்டோவை எடுத்து, மனுவோட சேர்த்துப் பின் அடிச்சாங்க. அவன் தாலி கட்டுறான், நான் சிரிக்கிறேன். அவன் அடிச்சு உடைச்ச முன்பல் ரெண்டும் அதுல அப்படியே இருக்கு.