விமானத்தில் ஹாரன் கிடையாது

அப்பா,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. ஜீப் சாவி ஆணியில்.

"வானத்துல உனக்கு என்னடி சோலி?" என்று கேட்டுவிட்டு நேற்று பதிலைக் கேட்காமலே படுத்துவிட்டீர்கள். என்.சி.சி. விமானப் பிரிவில் எடுத்தவுடனே பறக்க விடமாட்டார்கள். இத்தனை மாதம் கம்ப்யூட்டரில்தான் ஓட்டிப் பழகினேன். இன்று முதல்முறை ஏறும்போதும் பயிற்சியாளர் பக்கத்தில் இருப்பார். அவரிடமும் ஒரு ஸ்டியரிங் உண்டு. நான் தப்பாகத் திருப்பினால் அவர் திருத்துவார். பெருமாள்மலை வளைவில் எனக்கு ஜீப் பழக்கியபோது உங்களுக்கு அந்த வசதி இல்லை, கத்தவும் எட்டி ஹாரன் அடிக்கவும்தான் முடிந்தது. விமானத்தில் ஹாரன் கிடையாது. உங்களுக்குச் சரிப்படாது.

இறங்கியதும் கூப்பிடுவேன். போனை எடுங்கள்.

ஆக்ஸிலியா

பி.கு.: யாரோ என் பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டிருக்கிறார்கள். உங்கள் துண்டெல்லாம் கறுப்பு. சோப்பில் ஊறவைத்திருக்கிறேன்.