மாலையோடு போன சரசக்கா

சனிக்கிழமை, வெள்ளவத்தை.

கொட்டாஞ்சேனை சரசக்காவுக்கு இன்று பின்னேரம் இங்குள்ள மண்டபத்தில் பாராட்டு விழா. தேர்தல் காலத்தில் மேடையிலும் மற்றக் காலமெல்லாம் பிடிபட்டவர்களை மீட்கப் பொலிஸ் நிலைய வாசல்களிலும் நின்றவர். மாலை விழுந்தவுடன் கழற்றி மேசையில் வைப்பதுதான் நம்மவர் அடக்கம். அவரும் கழுத்துக்குக் கையைக் கொண்டுபோனார். அப்போது கிராண்ட்பாஸ் பெண் ஒருத்தி மேடைக்கே ஓடி வந்தாள்.

“அக்கா, எங்க வீட்டுக்காரரைப் பொலிஸ்ல பிடிச்சிட்டுப் போயிட்டாங்க.”

சரசக்கா எழுந்து இறங்கினார்.

“மாலையைக் கழட்டிப்போட்டுப் போங்கோவன்,” என்றேன், பத்திரிகைக்குச் செய்தி எடுக்கப் போயிருந்த நான்.

“கிடக்கட்டும் தம்பி. இவ்வளவு காலமும் அங்கை ஒருத்தரும் எனக்குக் கதிரை தந்ததில்லை. மாலையோடை போனால் பெரிய ஆள் எண்டு நினைப்பாங்கள்.”

காலி வீதியில் கடற்காற்று அவர் தோளில் போர்த்தியிருந்த பொன்னாடையைத் தூக்கியது. ரோஜா இதழ்கள் உதிர, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி ஓட்டோவைத் தேடி நடந்தார். மேளமில்லாத கல்யாண ஊர்வலம் போலிருந்தது. மண்டபத்துக்குள்ளே விழாத் தலைவர் வெறும் கதிரையைப் பார்த்து வாழ்த்துரை வாசித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் அது விசித்திரமாகப் படவில்லை.

பிறகு சரசக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்.

“கதிரை தந்தவங்களோ, அக்கா?”

“தேத்தண்ணியும் தந்தாங்கள். சிங்களத்திலை அம்மே எண்டு கூப்பிட்டாங்கள். ஆளையும் விட்டிட்டாங்கள். மண்டபத்திலை சாப்பாட்டுப் பார்சல் மிச்சமிருக்கே?”

செய்தியை எழுத உட்கார்ந்தேன். சரசக்கா இன்று கௌரவிக்கப்பட்டார் என்பதுவரை சரி. எந்த இடத்தில் என்று எழுதுவதற்குள் கண் சொருகுகிறது.