கை கழுவப் போன நேரம்

வெள்ளிக்கிழமை, இரவு



கருவாட்டு வாடியில் மீன் வெட்டி உப்புப் போடும் பெண்கள் எல்லோரும் இன்று முதலாளியிடம் போனோம். ஆண்கள் துறைமுகத்தில் மீன் இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான்தான் கதைத்தேன்.

"ஆம்பிளையளுக்குக் குடுக்கிற சம்பளத்தை எங்களுக்கும் தாங்கோ, முதலாளி."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி கதைக்கிறீங்கள்? போன வருசமே ரெண்டு பேருக்கும் சமனாக்கிட்டனே. உங்கட மனுசன்மாரிட்டச் சொல்லியும் விட்டனான்."

எங்கள் வாடியில் எல்லோரும் புருசன் பெண்சாதியாகத்தான் வேலை செய்கிறோம். சனிக்கிழமைகளில் நாங்கள் மீன் நாற்றம் போகக் கை கழுவும் நேரத்தில், ஆண்கள் வரிசையில் நின்று இரண்டு பேரின் சம்பளத்தையும் வாங்குவார்கள். எங்கள் பங்கை வீட்டில் வைத்துத் தருவார்கள். இவ்வளவு நாளும் பழைய பங்கைத்தான் தந்திருக்கிறார்கள். ஒருவர் இல்லை, எல்லோரும்!

நேற்று வீட்டில் என் மனுசன், "கேக்கப் போகாதை, உள்ள வேலையும் போயிடும்" என்றார். எனக்காகப் பயப்படுகிறார் என்று நினைத்தேன். கடவுளே.

இரவு சோறு போடும்போது கேட்டார்: "முதலாளி என்ன சொன்னவர்?" முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"யோசிக்கிறாராம்" என்றேன்.

"நான் அப்பவே சொன்னனான்" என்று சொல்லிக் குழம்பு கேட்டார். ஊற்றினேன்.

இப்போது நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்.

நாளை சனிக்கிழமை. நாங்கள் ஒருத்தியும் கை கழுவப் போவதில்லை. செதிலும் உப்புமாக அப்படியே வரிசையில் முன்னுக்கு நிற்போம்.