மூடிய லேப்டாப்பில் இறங்கிய சார்ஜ்

செவ்வாய், இரவு

மூடி வைத்தால் லேப்டாப் தூங்க வேண்டும். என்னுடையதைப் போடியில் உள்ள எங்கள் குடோனில் மூடி வைத்துவிட்டு, ஏலக்காய் லோடு எடுக்க ஜீப்பில் குரங்கணி போய் வருவதற்குள் பாதி சார்ஜ் காலியாகிவிடும். அதில் ஓடுவது இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டம். அதன் பேட்டரி நிரலைத் திருத்தும் குழுவில் நானும் ஒருவன். தப்பு என் நிரலில்தான் என்று வெட்கப்பட்டு இங்கே யாரிடமும் சொல்லவில்லை. அடிக்கடி திறந்து சோதிக்க வசதியாகப் பாஸ்வேர்டையும் முன்பே நீக்கியிருந்தேன்.

இன்று குரங்கணி போய் வந்து பார்த்தால் சார்ஜ் இறங்கவே இல்லை. நான் போட்ட திருத்தம் பலித்துவிட்டது என்று குழுவுக்கு எழுதினேன்.

குடோனைப் பார்த்துக்கொள்ளும் அத்தை மகன் செல்வம், இன்று சிலமலையில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டுச் சாயங்காலம்தான் வந்தான்.

"என்ன மச்சான், இப்ப சார்ஜ் நிக்குதா?" என்றான்.

நான் அவனிடம் சொல்லவே இல்லையே.

ஏலக்காய் ஏலத்தில் அப்பா எந்த விலைவரை கேட்பார் என்பது அந்த லேப்டாப்பில்தான் இருக்கிறது. கொஞ்ச நாளாக எதிர் வியாபாரி சரியாக அதற்கு ஒரு படி மேலே கேட்டுச் சரக்கை எடுத்துவிடுகிறார்.

அடுத்த மாதம் செல்வத்துக்கும் என் தங்கைக்கும் கல்யாணம்.

நாளை மறுநாள் ஏலம். லேப்டாப்பில் விலையை மட்டும் மாற்றிவிட்டு, பாஸ்வேர்டு போடாமல் மூடி வைத்திருக்கிறேன். காலையில் குரங்கணிக்குப் போகிறேன்.