அடுப்புக்கு மேலே தொங்கிய நரம்பு

ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டம்மா கடைக்கு வந்தார்கள். நனையாமல் இருக்கப் பாலித்தீன் பையில் சுற்றி உங்கள் தூண்டில் பெட்டியைக் கொண்டுவந்திருந்தார்கள். "ஏனுங்க பாய், கட்டிலுக்கு அடியில கூட்டறப்பல்லாம் இது வெளக்குமாத்துல இடிக்குது. இடிச்சா அன்னைக்குப் பூரா வேலை ஓட மாட்டேங்குது. நீங்களே வெச்சுக்கங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் குன்னூர் மழைக்குள் இறங்கிப் போய்விட்டார்கள்.

அவர்கள் போனதும் திறந்தேன். உப்பும் காய்ந்த கணவாய் மீனுமாக மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும் என்று நினைத்தேன். புகை நாற்றம் வந்தது. விறகடுப்புப் புகை. மேல்தட்டில், ஈயக்குண்டுகளுக்கு நடுவில், என்னுடைய பழைய தூண்டில் நரம்புச் சுருள் கிடந்தது. கோழிக்கோட்டில் நாம் தங்கிய லாட்ஜின் குப்பைக்கூடையில் என் கையால் நானே போட்ட சுருள். பெட்டியைப் படாரென்று மூடிவிட்டேன்.

நாலு நாளாக நிலைகொள்ளவில்லை. எட்டாம் நம்பர் கம்பூட்ஸ் கேட்டவருக்கு ஆறாம் நம்பரை எடுத்துக் கொடுக்கிறேன். தொழுகைக்குப் போய் உட்கார்ந்தாலும் அந்தப் புகைதான் மூக்கில் நிற்கிறது. உங்களிடம் நான் ஒரு பொய் சொன்னேன். அதை நம்பியபடியே நீங்கள் போய்விட்டீர்கள் என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன், அதுவே எனக்குப் போதுமான தண்டனையாக இருந்தது. இப்போது அந்தச் சுருள் உங்கள் பெட்டியில் இருக்கிறது. அப்படியானால் உங்களுக்குத் தெரிந்திருக்கிறதா? தெரிந்தும் என்னிடம் கேட்காமல் போனீர்களா? இந்த இரண்டில் எது எனக்கு மோசம் என்று புரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதல் தடவை நாம் கடலுக்குப் போனது ஞாபகம் இருக்கிறதா? எமரால்டு ஏரியில் கெண்டை பிடித்த தெம்பில் கிளம்பினோம். நான் மஞ்சள் போட்டுப் பிசைந்த மைதா உருண்டை கொண்டுவந்தேன். நீங்கள் எஸ்டேட் எருக்குழியில் தோண்டிய மண்புழுவை டப்பாவில் போட்டு மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தீர்கள். பஸ் பர்லியார் தாண்டியதும் டப்பா சுட ஆரம்பித்தது. மேட்டுப்பாளையத்தில் திறந்து பார்த்தால் புழுவெல்லாம் கஞ்சியாகிவிட்டது. நாற்றம் தாங்காமல் பின் சீட்டுக்காரர் நம்மை முறைத்தார். நீங்கள் என்னை முறைத்தீர்கள், ஏதோ வெயிலைக் கூட்டி வந்தவன் நான் என்பது போல.

கோழிக்கோட்டுப் பக்கத்தில், ஆறு கடலில் சேரும் இடத்தில், பாறாங்கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டிக் கட்டியிருக்கிறார்களே, புலிமுட்டு என்று அங்கே சொல்வார்கள், அதன்மேல் போய் நின்றோம். மைதா உருண்டை அடியைத் தொடும் முன்பே கரைந்துபோனது. பொடித் தூண்டில் முள்ளை மீன் ஒன்றுகூட மதிக்கவில்லை. பக்கத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மலையாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "சேட்டா, இது கடலாணு, குளமல்ல" என்றார். நீங்கள் அதைக் குறித்துக்கொண்டீர்கள். நிஜமாகவே பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டீர்கள்.

வெலிங்டனில் ஸ்டோர் கீப்பராக இருந்த மனுஷர், வேறு என்ன செய்வீர்கள். அடுத்த வருஷம் பெட்டிக்குள் ஒவ்வொரு டப்பாவிலும் லேபிள் ஒட்டியிருந்தது. "பொருள்: உருண்டை ஈயம். இடம்: மணல். குறிப்பு: பாறை இடுக்கில் போட்டால் திரும்பி வராது." அதற்குப் பக்கத்தில் ஒர்க்‌ஷாப்பில் பொறுக்கிய பழைய ஸ்பார்க் பிளக்குகள். "பொருள்: பிளக். இடம்: பாறை. குறிப்பு: போனால் போகட்டும்." படித்துப் படித்துச் சிரித்தேன். ஆனால் அந்த வருஷத்திலிருந்துதான் நமக்கு மீன் விழ ஆரம்பித்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேலையையும் நீங்கள்தான் பிரித்தீர்கள். முள்ளும் ஈயமும் முடிச்சும் உங்களுடையது. இரையும் நரம்பும் என்னுடையது. இரையில் நமக்கு ஒத்துப்போனதே இல்லை. விடியற்காலையில் படகு வந்ததும் நான் இறால் வாங்கித் துண்டு போடுவேன். சின்ன முள்ளில் குத்திவிட்டால் மத்தியானத்துக்குள் பை நிறையக் கிழங்கான் மீன். நீங்கள் முழு மத்தியைப் பெரிய முள்ளில் கோத்துவிட்டு மணிக்கணக்கில் நிற்பீர்கள். கொடுவா வேண்டும் உங்களுக்கு. "பெரிய முள்ளுக்குச் சின்ன மீன் வராதுங்க பாய். வராட்டிப் போகுது." பன்னிரண்டு வருஷம் வரவும் இல்லை. சாப்பிட்டதெல்லாம் என் கிழங்கானைத்தான்.

கொடுவாவின் செவுள் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், மெல்லிய நரம்பை அறுத்துவிடும் என்று, முள்ளை ஒட்டி ஒரு கை நீளத்துக்குத் தடித்த நரம்பு கட்டுவீர்கள். அந்தத் தடித்த நரம்புச் சுருள் என் பொறுப்பு. குடையும் ரெயின்கோட்டும் விற்பவனுக்கு ஈரத்தைக் கண்டால் ஆகாது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் வெந்நீர் போடும் விறகடுப்புக்கு மேலே ஒரு கம்பி ஓடும். ஆனி பிறந்தால் சாக்ஸ், தீப்பெட்டி, பிள்ளைகளின் யூனிபார்ம் எல்லாம் அதில்தான் காயும். மலையில் யார் வீட்டில்தான் இல்லை? நாம் கடைசியாகப் போன வருஷம் பூஞ்சை பிடித்துவிடப் போகிறதே என்று சுருளையும் அங்கே மாட்டினேன். நாலு மாதம் தொங்கியது. வெந்துகொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை.

கிளம்புகிற அன்று கேட்டீர்கள். "நரம்பு எப்படிங்க பாய் இருக்குது?"

"ஒரு பொட்டு ஈரம் இல்லாம வெச்சிருக்கேனுங்க" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

மறுநாள் காலையில் புலிமுட்டின்மேல் உங்கள் தூண்டில் தடி வளைந்த வளைவை நான் மறக்க மாட்டேன். நீங்கள் கத்தவில்லை. "பாய்" என்று மட்டும், ரொம்ப மெதுவாக, பக்கத்தில் யாரோ தூங்குவது போலச் சொன்னீர்கள். மீன் ஒருமுறை தண்ணீருக்கு மேலே எழும்பியது. என் கடையில் தாத்தாக்கள் வாங்கும் நீளக் குடையை மடக்கி வைத்தால் அந்த நீளம் இருக்கும். வாயைத் திறந்து தலையை உதறியதை இரண்டு பேரும் பார்த்தோம். அப்புறம் தடி நிமிர்ந்துவிட்டது.

நீங்கள் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள். நான்தான் சுற்றி எடுத்தேன். முள்ளும் முடிச்சும் மீனோடு போயிருந்தன. தடித்த நரம்பில் பாதி மட்டும் மிச்சம் வந்தது. முடிச்சு நழுவியிருந்தால் முனை பன்றிவால் போலச் சுருண்டிருக்கும். இதைச் சொன்னதே நீங்கள்தான். இந்த முனை சுருளவில்லை. காய்ந்த சுள்ளி ஒடிந்தது போல நேராக, வெள்ளையாக நின்றது. தொட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. மூக்குக்குக் கொண்டுபோனால் புகை. நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இரை வெட்டும் கத்தியால் அந்த மிச்சத்தை வெட்டிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு சொன்னேன்: "முடிச்சு அவுந்துருச்சுங்க."

"அப்படிங்களா" என்றீர்கள். அவ்வளவுதான். அப்புறம் உங்கள் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். அதைத்தான் என்னால் இன்றுவரை தாங்க முடியவில்லை.

ஏன் அப்படிச் சொன்னேன்? வெட்கம். உங்கள் பன்னிரண்டு வருஷத்தை அடுப்பில் சுட்டவன் நான் என்று அந்தக் கல்மேல் நின்று சொல்ல வாய் வரவில்லை. ஊருக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். லாட்ஜில் நீங்கள் குளிக்கப் போனதும் சுருளையும் அந்தத் துண்டையும் குப்பைக்கூடையில் போட்டு, மேலே பேப்பரை வைத்து மூடினேன். ஊருக்கு வந்த பிறகு நாளைக்கு, நாளைக்கு என்று போய்விட்டது.

நீங்களோ முடிச்சுப் போடக் கிளம்பிவிட்டீர்கள். பஸ் ஸ்டாண்டு கம்பியில், டீக்கடை பெஞ்சின் காலில், என் கடையில் தொங்கும் குடைக் கைப்பிடியில் எல்லாம் முடிச்சு. ஒரு நாள் சாயங்காலம் என் கோட்டின் இரண்டாவது பொத்தானில் நரம்பைக் கோத்து, எச்சில் தொட்டு இறுக்கி, "இழுத்துப் பாருங்க பாய்" என்றீர்கள். இழுத்தேன். பொத்தான்தான் வந்துவிடும் போல இருந்தது.

"அன்னைக்கு மட்டும் எப்படி அவுந்துச்சுன்னுதான் தெரியலீங்க" என்று என் முகத்தைப் பார்த்தீர்கள். நான் திரும்பிக்கொண்டு, மடித்திருந்த ரெயின்கோட்டைப் பிரித்து மறுபடி மடித்தேன். முடிச்சைப் பொத்தானிலேயே விட்டு, மிச்ச நரம்பைக் கத்தரித்துவிட்டு நீங்களும் கிளம்பிவிட்டீர்கள். அந்தப் பார்வையை நான்கு நாளாக மறுபடி மறுபடி பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது கேள்வியா? சொல்லு என்று எனக்குக் கொடுத்த சந்தர்ப்பமா? இல்லை, சும்மா பார்த்ததா?

ஆஸ்பத்திரிக் கட்டில் கம்பியிலும் முடிச்சுப் போட்டீர்கள். கையில் ஊசி குத்தியிருந்ததால் ஒரு கையால் போட வேண்டியிருந்தது. மறு முனையை என்னைப் பிடிக்கச் சொன்னீர்கள். அன்றைக்குச் சொல்லியே தீருவது என்றுதான் வந்திருந்தேன். நர்ஸ் வந்துவிட்டார்கள் என்று சாக்குச் சொல்லிக்கொண்டு எழுந்துவிட்டேன். அடுத்த தடவை வந்தபோது நீங்கள் பேசும் நிலையில் இல்லை. இப்போது நீங்கள் போய்ப் பதினாலு மாதம் ஆகிவிட்டது.

இந்த வரி வரை எழுதிவிட்டு எழுந்துபோய்ப் பெட்டியை மறுபடி திறந்தேன். நாலு நாளாக மேல்தட்டைத் தாண்ட எனக்குத் தைரியம் இல்லை. இன்றைக்குத் தூக்கிவிட்டேன். கீழே முள் டப்பாக்கள், பிளக்குகள், துருப்பிடித்த இடுக்கி. ஓரத்தில் பேப்பரில் சுற்றிய ஒன்று. பிரித்தேன். புதுச் சுருள், தடித்த நரம்பு, சீல்கூட உடைக்கவில்லை. அதன்மேல் உங்கள் கையெழுத்தில் லேபிள்.

"பொருள்: நரம்பு. பெறுபவர்: பாய். குறிப்பு: அடுப்புக்கு மேல் தொங்கவிடக் கூடாது."

சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். "தனியா என்னத்துக்குங்க சிரிக்கறீங்க?" என்று கடையின் உள்கட்டிலிருந்து என் வீட்டம்மா கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அவர்களே வந்து பார்த்துவிட்டு, டம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனார்கள்.

குப்பைக்கூடையைக் கிளறியிருக்கிறீர்கள். மோந்து பார்த்திருக்கிறீர்கள். அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஊரெல்லாம் முடிச்சுப் போட்டதும் நான் வாய் திறக்கிறேனா என்று பார்க்கத்தான் போலிருக்கிறது. அப்புறமும் என் பக்கத்தில் உட்கார்ந்து ரயிலில் வடை தின்றீர்கள். அடுத்த சீசனுக்கு நாமிருவரும் போவோம், ஒரு வார்த்தையும் பேசாமல் இதை என் கையில் கொடுக்கலாம், என் மூஞ்சி போகிற போக்கைப் பார்த்துச் சிரிக்கலாம் என்று எடுத்து வைத்திருக்கிறீர்கள். கோபம் வருகிறது எனக்கு. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பேனே. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாதவன் நான் என்பதும் தெரிகிறது.

மழை விட்டதும் கோழிக்கோட்டுக்குப் போகிறேன். வழக்கம்போல இறால் வாங்குவேன், மத்தியும் வாங்குவேன். பெரிய முள் ஒன்றில் முழு மத்தியைக் கோத்து உங்கள் இடத்தில் போட்டுவிட்டு நிற்பேன். வராவிட்டால் போகட்டும். முடிச்சு மட்டும் உங்கள் அளவுக்கு எனக்கு வராது, மன்னிக்க வேண்டும்.

வெளியே மஞ்சு மூட்டமாக இறங்கிவிட்டது, கடையைப் பூட்ட வேண்டும். கோட்டை மாட்டிக்கொண்டுதான் இதை முடிக்கிறேன். நரம்புதான் ஒடிந்தது. ஒடித்தவன் நான். உங்கள் கையில் ஒரு தப்பும் இல்லை. இரண்டாவது பொத்தானின் அடியில் நீங்கள் போட்ட முடிச்சு இன்னும் இருக்கிறது. இப்போதுதான் நகத்தால் நெம்பிப் பார்த்தேன், அவிழவில்லை.