பார்க்க வந்தவர்கள்

அலமாரியைத் துப்புரவு செய்தபோது என் பழைய அடையாள அட்டை கிடைத்தது. ஓரத்தில் ரப்பர் பால்கறை கறுத்துக் கிடக்கிறது. அதைப் பார்த்ததும், தோழி, உன் ஞாபகம் வராமல் இருக்குமா?

மலாயாவில் கம்யூனிஸ்டுகள் காட்டில் ஒளிந்து சண்டை போட்ட அவசரகாலம் அது. நம் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி. மாலை ஆறு மணிக்கு கேட்டைப் பூட்டிவிடுவார்கள். பக்கத்து ஊர் மெர்லிமாவைத் தாண்டாத என்னை ஒரு விடுமுறை நாளில் மலாக்காவுக்கு இழுத்துப் போனாய். காட்டிலிருப்பவர்களுக்கு அரிசி கடத்துகிறோமா என்று கேட்டில் மடியைத் தடவிப் பார்த்தார்கள். தெரிந்த முகம் என்பதால் அட்டையைக் கேட்கவில்லை.

ஆற்றுப் பாலத்திலிருந்து நடந்தே சுற்றினோம். வெள்ளைக்காரன் கட்டிய சிவப்புக் கட்டடத்தின் சுவரைத் தட்டிப் பார்த்தாய். "எவ்ளோ தடிப்பு பாரு! நம்ம தோட்டத்து லயத்துல அடுத்த வீட்டுக்காரன் இருமுனா நம்ம தூக்கம் போயிடுது."

மலையடிவாரத்தில், பழைய கோட்டை வாசலருகே போலீஸ்காரர் மறித்தார்.

"எஸ்டேட் ஆளுங்களா? இங்க என்ன வேலை? ஐசி, அடையாள அட்டை எங்க?"

இடுப்பைத் தடவினேன். இல்லை. பால் எடுக்க ரப்பர் மரம் சீவப் போகும்போது கட்டும் கைலியின் முனையில் முடிந்து வைத்தது, அங்கேயே இருந்தது. நானோ தீபாவளிச் சேலையில் நின்றேன்.

"சுத்திப் பார்க்க வந்தோம்லா. பார்க்கக் கூடாதா?" என்றாய் நீ. அவர் சிரிக்கவில்லை. உன் அட்டையைப் பார்த்துவிட்டு, என்னை மட்டும் ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார். ஆறு மணிக்குள் திரும்பாவிட்டால், காட்டில் யாரைப் பார்க்கப் போனாய் என்றுதான் அடுத்த கேள்வி வரும்.

"அழுதே, கொன்னுடுவேன்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு ஓடினாய்.

மூன்று மணிக்கு வந்தாய், கைலியோடு! பால் காய்ந்து இறுகிய முடிச்சு அவிழவில்லையாம். ஸ்டேஷன் முழுக்க ரப்பர் நாற்றம். எல்லோரும் மூக்கைப் பொத்த, நீ பல்லால் கடித்து அவிழ்த்து அட்டையை மேசைமேல் வைத்தாய். கேட் அடைக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது உள்ளே நுழைந்தோம்.

இனி அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்றேன். மறுமாதம் என் வாசலில் வந்து நின்றாய். "நாம இன்னும் மலை ஏறலையே."

அதே போலீஸ்காரர். அவர் வாய் திறக்குமுன் இரண்டு அட்டைகளையும் நீட்டினாய். "பார்க்க வந்திருக்கோம்ணே." விலகி வழிவிட்டார்.

உச்சியில் கூரையில்லாத தேவாலயம், நமக்குப் படிக்கத் தெரியாத எழுத்துள்ள கல்லறைக் கற்கள், கீழே கடல். நீயே கட்டியதுபோல இடுப்பில் கை வைத்து நின்றாய். உன் தோழி என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

இன்றும் பெரிய கட்டட வாசலில் யாராவது, "என்னம்மா வேணும்?" என்று தடுத்தால் என் குரல் தாழ்வதில்லை. "பார்க்க வந்தேன்" என்கிறேன். இப்போதைய அட்டை கையிலேயே இருக்கிறது. முடிச்சுப் போடுவதை அன்றோடு விட்டுவிட்டேன்.