வசந்தியின் பேரில் நான் வைத்த நேர்த்தி

ஆனி 3, திங்கள். கச்சான் காற்று, கண்ணெல்லாம் மண்.

நான் நேர்ந்ததில் என்ன பிழை, நீயே சொல்லு தாயே. உன் கோயிலில் உன் முகம் பார்த்துத்தானே கேட்டேன். பிள்ளை சுகமாகப் பிறக்கட்டும், அதுவரைக்கும் வசந்தி மீன், முட்டை, இறைச்சி தொடமாட்டாள் என்று. மற்றச் சனம் உன் சடங்கு நாட்களில் மட்டும் மீன், மச்சம் விடும். நான் மாதக்கணக்கில் கூட்டிச் சொன்னேன். கூட்டிச் சொன்னால் கூடத் தருவாய் என்ற நினைப்பு.

காலையில் மருத்துவிச்சி மிஸ்ஸி வந்தார். மூன்று கிழமையாக றோட்டுப் பூட்டு. இன்றைக்குத்தான் ஆமிக்காரன் அவர் சைக்கிளைப் போகவிட்டானாம். வசந்தியின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார், நகத்தை அமத்திப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

"ரெத்தம் காணாது, நல்லாக் குறைவு. என்ன மகள் சாப்பிடுறாய்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன், சோறு, பருப்பு, கீரை என்று.

"மீன்?"

"நேர்த்தி, மிஸ்ஸி."

"ஆர்ட நேர்த்தி?"

"என்ட. புள்ளைக்காக."

"ஏழு மாசம், அக்கா. வயித்துப் புள்ளை தாயிட ரெத்தத்தில இருந்துதான் எடுக்கும். நீங்க விரதம் புடிக்கல்ல. ரெண்டு பேரையும் பட்டினி போடுறீங்க."

எனக்குக் கோபம். தேத்தண்ணி கொடுத்தேன், சீனி குறைத்து.

மறக்காமல் எழுதச் சொன்னவை:

இரும்புச்சத்துக் குளிசை ஒரு நாளும் விழுங்கத் தவறக்கூடாது. அதோடு தேத்தண்ணி வேண்டாம், தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணி. (நான் இவ்வளவு நாளும் பிளேன்ரீயோடுதான் கொடுத்தேன்.)

மீன், முட்டை. கிடைத்தால் ஈரல்.

சத்துமா அவளுக்கு மட்டும். அடுத்த வீட்டுக் குஞ்சு குருமான்களுக்குப் பங்கு இல்லை.

பெற்ற பிறகு பத்தியச் சரக்குக்கறி கொடுக்கலாம். தண்ணீரை மறிக்கக்கூடாது. தண்ணி குடியாமல் பால் எங்கிருந்து ஊறும் என்று கேட்டார். எனக்கு இதில் இன்னும் சம்மதமில்லை.

படலையில் நின்று மெதுவாகச் சொன்னார். "ரெத்தம் கூடப் போனா ஆஸ்பத்திரி ஆத்துக்கு அங்கால. ஆறு மணிக்குப் பிறகு தோணி விடமாட்டாங்க."

எனக்குச் சொல்ல வேண்டுமா. வசந்தியைப் பெற்ற அன்றுதானே என் தங்கச்சி ரத்தம் நிற்காமல் போனாள். அந்தப் பயத்தில்தானே நேர்ந்தேன்.

ஆனி 4, செவ்வாய். வெயில். உப்பு முடிந்துவிட்டது.

ஒரு வேலையும் ஓடவில்லை. குசினிக்குள் மூன்று தரம் போய், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பினேன். வாய் தேவாரம் சொல்ல, மனம் மீன்சட்டியில். நேர்த்தியை முறித்தால் நீ கோபிப்பாய். முறிக்காவிட்டால்?

வசந்தி அரிசி புடைக்கும்போது தலை சுற்றி நிலைக்காலைப் பிடித்தாள். இருக்க வைத்தேன்.

"பெரியம்மா, ஒன்டு சொல்லவா? கோவிக்க மாட்டீங்களே?"

"சொல்லு."

"நேர்த்தி உங்கட. வயிறு என்ட."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். புருஷன் கட்டாரில் வேலை, வேறு யாரிடம் சொல்வாள்.

மத்தியானம் அடுத்த வீட்டில் மணலை மீன் பொரித்தார்கள். இவள் வேலியடியில் போய்ச் சேலை காய்ந்துவிட்டதா என்று தடவிப் பார்த்தாள். அது காலையிலேயே காய்ந்த சேலை.

ஆனி 5, புதன். மந்தாரம்.

உன் கோயிலுக்கு வந்தேன், பார்த்திருப்பாய். உனக்குப் பூசை வைக்கிற கப்புகனாரிடம் எல்லாம் சொன்னேன். அவர் விளக்குத் துடைத்து முடியும் வரைக்கும் சொன்னேன்.

"கதை முடிஞ்சிதா கா?"

"முடிஞ்சிது."

"நேந்தது எந்த வாய்?"

"என்ட வாய்."

"அப்ப அந்த வாயக் கட்டு. புள்ளத்தாச்சிய வாட்டி அம்மாளுக்கு என்ன வரப்போகுது? பேச்சையும் சேத்துக் கட்டினா ஊருக்கும் நல்லம்."

கையில் மஞ்சள் நூல் கட்டிக்கொண்டேன். இனி நேர்த்தி எனக்கு. மூன்று வருஷம். மீன்தலை என்றால் எனக்கு உயிர், உனக்குத் தெரியும். ஏற்றுக்கொள்ளு. அவள் மேல் ஒன்றும் வைக்காதே.

ஆனி 6, வியாழன். காற்று இல்லை.

விடியத் தோணிகள் வரும் வரைக்கும் கரையில் நின்றேன். மீன்காரத் தம்பிக்கு நக்கல்.

"என்ன மாமி, வழி மாறிட்டீங்களா? இத்தனை மாசமா இந்தப் பக்கம் வந்தா மூக்கப் பொத்துற ஆள்."

"எனக்கில்லடா. வசந்திக்கு."

கொழுத்ததாக மூன்று மணலை பொறுக்கித் தந்தான்.

உள்ளி, மிளகு போட்டுப் பால்கறி. அடுத்த வீட்டில் வாங்கின உப்பு. நான் வாயில் வைத்துப் பார்க்க முடியாது, கைக்கணக்கு.

"உப்புக் கூட, பெரியம்மா" என்றாள். என்றுவிட்டு மூன்றையும் தின்றாள். தலையை உறிஞ்சினாள். விரலைச் சூப்பினாள். இடையில் ஒரு தரமும் நிமிரவில்லை. அந்தத் தின்கிற வேகத்தை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை, தண்ணி அள்ளப் போனேன்.

குளிசை கொடுத்தாயிற்று, தேசிக்காய்த் தண்ணியோடு. முட்டைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தாயே, இப்போதுதான் ஞாபகம் வருகிறது. வசந்தியை வயிற்றில் வைத்துக்கொண்டு தங்கச்சியும் ஒரு நாள் மீன் கேட்டாள். உன் சடங்கு நாள். சடங்கின் கடைசி நாள் குளிர்த்தி முடியட்டும், பிறகு தின்னலாம் என்று சொன்னது நான். குளிர்த்திக்கு முதல் நாள்தான் அவளுக்குப் பிள்ளைநோ கண்டது.